ஐந்தாம் எண் ட்ரையரும் ப்ளூஸ் காப்பு வாரியமும்

2019ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தெற்கே வளைகுடாக் கடலிலிருந்து வந்த சன்னமான மழை மிசிசிப்பி மாநிலத்தின் டோலிவர் நகரின்மேல் விழுந்துகொண்டிருந்தது. பெய்கிறது என்றும் சொல்ல முடியாது, நின்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. அந்த வேளையில் கிளியோட்டிஸ் பார்ன்வெல், கறுப்பின மக்களின் பழைய துயர இசையான ப்ளூஸுக்கென அமைந்த ப்ளூஸ் மரபுக் காப்பு வாரியத்தின் வரவேற்பறையில் அமர்ந்து, மடிமேல் வைத்திருந்த தொப்பியின் விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பிடித்திருந்தார். பிடியைத் தளர்த்தினால் கைகள் நடுங்குவது பிறருக்குத் தெரிந்துவிடும்.

கிளியோட்டிஸுக்கு வயது நாற்பத்தேழு. மாவட்டப் பள்ளிப் பேருந்தின் ஓட்டுநர். அச்சத்தை அவர் ஒரு பழக்கமாக அல்ல, ஒரு பொறுப்பாகவே கடைப்பிடித்து வந்தார். அரசு முத்திரை பதித்த உறை, இருட்டியபின் ஒலிக்கும் தொலைபேசி, கையில் அட்டையும் பேனாவும் வைத்திருக்கும் மனிதர் ஆகிய மூன்றும் அவரை எழுந்து நிற்க வைக்கும். பிள்ளைகளை ஏற்றிய பேருந்து இருப்புப்பாதையைக் கடக்குமுன் நிற்க வேண்டும், கதவைத் திறக்க வேண்டும், ரயில் வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்பது மிசிசிப்பி மாநிலத்தின் விதி. கிளியோட்டிஸ் இருமுறை கேட்பார். பருத்தி வயல்களுக்கு நடுவே அந்தப் பாதையில் ரயில் ஓடி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது அவருக்கும் தெரியும்.

அவருடைய சட்டைப்பையில் இருந்த அறிவிப்பு பின்வருமாறு கூறியது: “தாங்கள் இம்மாவட்ட எல்லைக்குள் உயிருடன் உள்ள ஒரு ப்ளூஸ் குழுவின் உறுப்பினராக இருப்பதாக வாரியத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்.”

குற்றச்சாட்டு உண்மையே.

அந்தக் குழு உருவானதற்கு யாரும் திட்டமிடவில்லை. டெல்டா தெருவில் ஒடெசா ட்ரிப் என்னும் கைம்பெண் காசு போட்டால் துவைக்கும் லாண்டரி ஒன்றை நடத்திவருகிறார். அங்குள்ள துணி உலர்த்தும் ட்ரையர்களுள் ஐந்தாம் எண் மட்டும் நொண்டும். தடக், தடக், தடக் என்று ஓடிவந்து, ஓரிடத்தில் மூச்சுவாங்கிவிட்டு, அதன்பின் அடுத்த தடக்கைப் போடும். அந்த நொண்டலுக்கு ஏற்றாற்போல் ஒரு வெள்ளிக்கிழமை டயர் கடைக்காரர் ஹோசியா, தம் துணி காயும்வரை பொழுதுபோகாமல், கித்தார் வாசித்தார். கல்லாவுக்குப் பின்னால் நின்ற ஒடெசா, தாம் பாடுகிறோம் என்ற நினைவே இல்லாமல் பாடினார். பேருந்தின் இருக்கை உறைகளைத் துவைக்க வந்திருந்த கிளியோட்டிஸ், அடுத்த வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் தாம் வாசிக்கும் பேஸ் கித்தாரைக் கொண்டுவந்தார். தாளம் போட ஆள் தேவைப்படவில்லை. இரண்டு ஈரத் துண்டுகளை உள்ளே போட்டுக் காசும் போட்டால் ஐந்தாம் எண் வாசித்தது.

கேட்க வந்தவர்கள் முதலில் துணி துவைக்க வந்தவர்களே. பிறகு, கேட்க வருவதற்காகத் துணி துவைத்தார்கள். துவைத்த துணியையே மறுபடியும் கொண்டுவந்தார்கள். அஞ்சலகத்தில் பணிபுரியும் வெர்லீன் காட்ஸன் ஒரே மேசைவிரிப்பைக் குளிர்காலம் முழுவதும் துவைத்ததில், அதிலிருந்த பூக்கள் போய், பிறகு கரைகளும் போய், கடைசியில் கையில் கைக்குட்டை அளவுக்குத்தான் எஞ்சியது. பிப்ரவரியில் யாரோ வாசலில் அடுப்பு வைத்துக் கெளுத்தி மீன் பொரித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் ஊரிலுள்ள லாண்டரிகளைப் பழித்துக்கொண்டே வந்துசேர்ந்தார்கள்.

இதில் கிளியோட்டிஸுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. வெள்ளிக்கிழமை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை அவருடைய கைகள் நடுங்கவில்லை. நாற்பத்தேழு வயதில் அவர் முதன்முறையாகக் கண்ட இந்நிலையை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுமோ என்ற பயம்.

இனி வாரியத்தைப் பற்றி. எங்கள் மாவட்டத்தின் கடைசி ப்ளூஸ் கலைஞரான ஆசா மூடி 1988ஆம் ஆண்டு காலமானார். அதே ஆண்டில் வாரியம் தோன்றியது. “இம்மாவட்டத்தின் அசல் ப்ளூஸ் இத்துடன் முடிவடைந்தது” என்பது அதன் முதல் தீர்மானம். அந்தத் தீர்மானத்தின்மேல் அருங்காட்சியகம் கட்டப்பட்டது. ஆசா மூடி அமர்ந்த நாற்காலியும் அவருடைய இடது காலணியும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. வலது காலணியைத் தேடும் பணிக்குத் தனியே ஓர் உதவி இயக்குநர் உண்டு. எல்லாம் ஒழுங்காகவே நடந்துவந்தது. சென்ற சனவரியில் ஓகையோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி பார்வையாளர் ஏட்டில் “லாண்டரி இதைவிட நன்றாக இருந்தது” என்று எழுதிவிட்டுப் போனார்.

“உள்ள வாங்க, மிஸ்டர் பார்ன்வெல்” என்றார் வாரியத் தலைவர் லாண்டன் ப்ரூயிட். நீலக் கழுத்துப்பட்டை அணிந்த, மென்குரல் மனிதர். “பயப்படாதீங்க. எங்ககிட்ட வர்றவங்க யாரும் பயப்படக் கூடாது. அப்படிப் பயந்தாலும் தப்பில்ல. பயப்படறவங்க சீக்கிரம் கையெழுத்துப் போட்டுடுவாங்க.”

கிளியோட்டிஸ் அமர்ந்தார்.

“நீங்க ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கணும்” என்றார் ப்ரூயிட். “இந்த மாவட்டத்துல ப்ளூஸ் முடிஞ்சுபோச்சு. நாங்க வாய்க்கு வந்தபடி சொல்லலை, தீர்மானம் போட்டுச் சொல்லியிருக்கோம். மாநில அரசு அதை நம்பித்தான் மானியம் தருது. மானியத்துக்கு என்ன தலைப்புத் தெரியுமா? ‘மறைந்த மரபுகள்.’ ஒண்ணு செத்ததால இங்க இத்தனை பேர் பிழைக்கறோம். இப்ப நீங்க வந்து, அது லாண்டரியில உட்கார்ந்திருக்குன்னு சொன்னா நாங்க எங்க போறது?”

“நாங்க யாரும் அப்படிச் சொல்லலையே சார்.”

“வாசிக்கறீங்களே. சொல்றதைவிட அது மோசம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “எங்களுக்கு ப்ளூஸ் மேல அன்பில்லன்னு நினைச்சுடாதீங்க. ஆசா மூடி உயிரோட இருந்தவரைக்கும் ஒரு தடவை போய்க் கேட்க முடியாமப் போச்சு, வேலை அப்படி. ஆனா அவர் அடக்கத்துக்கு முதல் வரிசையில இருந்தோம். இந்த மாவட்டத்துல ஒரு கலைஞர் இறந்தா வாரியத் தலைவர் மலர்வளையத்தோட நேர்ல போகணும். விதியே அப்படி. நான் ஒரு சாவைக்கூட விட்டதில்ல.”

பிறகு அவர் ஒலி மரபு விதியின் சாரத்தை எடுத்துரைத்தார். வாரியத்தின் சான்றின்றி மாவட்டத்துக்குள் எவரும் ப்ளூஸ் வாசிக்கலாகாது. தேவாலய வழிபாடும் இறுதிச் சடங்கும் மட்டும் விலக்கு. மீறிய இடம் முத்திரையிடப்படும். மீறியவர் மாவட்ட ஊழியராயின் பணிநீக்கம் செய்யப்படுவார்.

பணிநீக்கம் என்னும் சொல்லைக் கேட்டதும் கிளியோட்டிஸின் தொப்பி மடியிலிருந்து விழுந்தது.

“ரெண்டு வழி இருக்கு” என்று ப்ரூயிட் ஒரு தாளை நீட்டினார். “லாண்டரியில கேட்கறது ப்ளூஸ் இல்ல, துணி துவைக்கறப்ப இயல்பா வர்ற சத்தம்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம். அப்புறம் நிறுத்திடணும். பஸ் உங்களோடதே. இல்லேன்னா, அசல்தான்னு சொல்லி ஆய்வுக்கு விண்ணப்பம் போடலாம்.”

கிளியோட்டிஸ் உடனே பேனாவை எடுத்தார். ஆனால் கை நடுங்கிய நடுக்கத்தில் பேனா தாளின்மேல் புள்ளி புள்ளியாகக் குத்தியதேயன்றி எழுத்தாகவில்லை. வேறு தாள் எடுத்துவர ஆள் போனபோது, மதியப் பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று சொல்லி அவர் எழுந்து வந்துவிட்டார்.

“கையெழுத்துப் போட்டுட்டியா?” என்று கேட்டார் ஒடெசா. லாண்டரியில் அவர் ஒரு போர்வையின் இரு முனைகளைப் பிடித்திருந்தார். மற்ற இரு முனைகளை ஹோசியா பிடித்திருந்தார்.

“போட வரலை, மிஸ் ஒடெசா.”

“தைரியமா நின்னுட்டியா?” என்றார் ஹோசியா வியந்து.

“நிக்கலை. கை ஆடிச்சு.”

“ஆடட்டும். நம்ம குழுவுல முதல் தடவையா உன் பயம் ஒரு வேலை பார்த்திருக்கு” என்றார் ஒடெசா. அன்று மாலையே விண்ணப்பம் போயிற்று.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்வாளர் ஃபெல்ப்ஸ் வந்தார். சாம்பல்நிற மேலங்கி. கையில் அட்டையும் பேனாவும். வந்தவுடன் அவர் யாரிடமும் பேசாமல் லாண்டரியின் வாசற்கதவை நாடாவால் உயரமும் அகலமும் அளந்தார்.

“எதுக்கு சார் இது?” என்றார் ஒடெசா.

“சீல் வைக்கிற பட்டை எவ்வளவு வேணும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கணும். வைப்போம்னு சொல்லலை. வைக்கணும்னா குறையக் கூடாது, அவ்வளவுதான்.”

அதன்பின் துயரத் தகுதி விசாரணை தொடங்கியது. அசல் ப்ளூஸ் அசல் துயரத்திலிருந்தே பிறக்கும் என்பது வாரியத்தின் இரண்டாவது தீர்மானம்.

“உங்க மனைவி உங்களை விட்டுட்டுப் போயிருக்காங்களா?” என்று ஹோசியாவைக் கேட்டார்.

“இல்லீங்க சார். மத்தியானச் சாப்பாடுகூட அவ கட்டிக்குடுத்ததுதான்.”

“ஒருமுறைகூடப் போனதில்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ஒரு தடவை மெம்ஃபிஸ் போனா. அவ அக்காவுக்குப் பிரசவம். ஞாயித்துக்கிழமை திரும்பிட்டா.”

ஃபெல்ப்ஸ் ‘பகுதியளவு’ என்று குறித்துக்கொண்டார்.

“வேணும்னா கேட்டுப் பார்க்கறேன் சார்” என்றார் ஹோசியா கவலையுடன். “ஒரு வாரம் எங்கயாவது போய் இருப்பா. ஆனா போறப்ப என்னையும் கூப்பிடுவா.”

ஒடெசாவிடம் ஆய்வாளர் மரியாதையாகவே பேசினார். “உங்களுக்குக் கணவர் இல்ல. உங்க பாட்டெல்லாம் அவரை நினைச்சுத்தானே?”

“சேச்சே. அவரு நல்ல மனுஷன், அவரை எதுக்கு இதுல இழுக்கறீங்க? நான் பாடறது மிஷின் மெக்கானிக்கைப் பத்தி. இன்னிக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னு என்னை ஏமாத்துன ஒரே ஆம்பளை அவன்தான்.”

லாண்டரி முழுவதும் சிரித்தது. ஃபெல்ப்ஸ் தலை நிமிர்ந்து, சிரித்தவர்களை வரிசையாகப் பார்த்து எழுதிக்கொண்டார். சிரிப்பு முன்வரிசையிலிருந்து பின்வரிசைவரை ஒவ்வொருவராக அணைந்தது. வெர்லீன் எஞ்சிய மேசைவிரிப்பால் வாயை மூடிக்கொண்டார்.

“உங்க துயரம் என்ன?” என்று கிளியோட்டிஸைக் கேட்டார்.

“எனக்குப் பயம்தான் சார் இருக்கு.”

“எதைப் பத்தி?”

“இப்ப உங்களைப் பத்தி.”

“பயம் பட்டியல்ல இல்லையே” என்றார் ஃபெல்ப்ஸ், உண்மையான வருத்தத்துடன்.

இசையாய்வு அதைவிட மோசமாக முடிந்தது. அருங்காட்சியகத்தின் பலகையில் உள்ளவாறு, ப்ளூஸில் ஒரு சரணம் பன்னிரண்டு தாளக்கட்டுகளில் முடிய வேண்டும். ஃபெல்ப்ஸ் எண்ணுவதற்காக ஒரு பொத்தான் கருவியைக் கொண்டுவந்திருந்தார். ஒடெசாவின் முதல் சரணம் பன்னிரண்டரையில் முடிந்தது. இரண்டாவது பதின்மூன்றில் முடிந்தது. மூன்றாவதில், வெர்லீன் பின்னாலிருந்து “அப்படிச் சொல்லு கண்ணு” என்று கூவ, ஒடெசா அதற்கு ஒரு பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்ததில், பொத்தானின்மேலிருந்த ஃபெல்ப்ஸின் கட்டைவிரல் எங்கே இறங்குவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

எங்கள் பக்கத்தில் இது இப்படித்தான். பாடுபவர் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்வரை வாசிப்பவர்கள் அதே இடத்தில் காத்திருப்பார்கள். ஒடெசாவின் இடது தோள் இறங்கினால் அவர் சொல்லி முடித்துவிட்டார் என்று பொருள். அப்போது எல்லோரும் சேர்ந்து இடம் மாறுவார்கள், அதாவது அடுத்த சுரத்துக்குப் போவார்கள். தோள் பன்னிரண்டில் இறங்கினாலும் சரி, பதின்மூன்றில் இறங்கினாலும் சரி. இதை யாரும் யாருக்கும் கற்றுத்தந்ததில்லை. பேசிக்கொண்டிருப்பவரை இடைமறிக்கலாகாது என்பதைக் கற்றுத்தர வேண்டியதில்லை அல்லவா?

ஆய்வாளர் இடைக்கால அறிக்கை தந்தார். குறைகள்: எண்ணிக்கை பிழை, அவையோர் குறுக்கீடு. விண்ணப்பத்தில் தாளக்கலைஞர் பெயர் என்ற இடத்தில் ‘ஐந்து’ என்றிருப்பது ஏற்கத்தக்கதன்று. மறு ஆய்வு மே மாதம்.

அந்த இரவு முதல் கிளியோட்டிஸ் எண்ணத் தொடங்கினார். பேருந்து ஓட்டும்போது எண்ணினார். இருப்புப்பாதையில் நின்றபோதும் எண்ணினார். பின்னிருக்கைப் பிள்ளைகளும் அவரோடு சேர்ந்து பன்னிரண்டுவரை எண்ணி முடித்துக் கைதட்டினார்கள். லாண்டரி ஒத்திகையில் அவர் உதட்டுக்குள் “ஒன்பது, பத்து, பதினொண்ணு” என்று முணுமுணுக்க, ஹோசியா பன்னிரண்டில் இடம் மாற, ஒடெசா வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டு அவர்கள் பின்னால் ஓடினார். எண்ணத் தெரியாத ஐந்தாம் எண்ணின் மின்செருகியைப் பிடுங்கிவைத்தார்கள்.

“என்னடா இது, போலீஸ் துரத்துற மாதிரி பாட வேண்டியிருக்கு” என்றார் ஒடெசா.

“துரத்தத்தான் செய்யறாங்க, மிஸ் ஒடெசா” என்றார் கிளியோட்டிஸ்.

ஏப்ரலின் முதல் வெள்ளிக்கிழமை அவர்கள் பிழையின்றி வாசித்தார்கள். ஒவ்வொரு சரணமும் பன்னிரண்டில் முடிந்தது. ஆடுவதற்காகத் தூக்கிய கால்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு வந்தபோது அந்த இடம் அங்கே இல்லை. சிலர் தடுமாறினார்கள். சிலர் தரையில் ஏதேனும் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். வெர்லீன் தம் துணியை நான்காக மடித்துக் கூடையில் வைத்தார்.

“ஏன் மிஸ் வெர்லீன், கிளம்பிட்டீங்க?” என்றார் கிளியோட்டிஸ்.

“துணி வெளுத்துடுச்சு தம்பி.”

“அது வரும்போதே வெளுப்பாத்தானே இருந்துச்சு?”

“ஆமா. இன்னிக்குத்தான் அது கண்ணுல பட்டுச்சு.”

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மிகச் சிலரே வந்தனர். அதற்கும் அடுத்த வாரம் மூவர் வந்தனர். மூவருமே உண்மையில் அழுக்குத் துணி கொண்டுவந்திருந்தனர். அதைவிடக் கெட்ட சகுனம் வேறில்லை. மீன் பொரிப்பவர் அடுப்பை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வாசித்துக்கொண்டிருந்தபோதே கிளியோட்டிஸ் குனிந்து தம் கைகளைப் பார்த்தார். அவை நடுங்கிக்கொண்டிருந்தன. பேருந்தைக் காப்பாற்ற எண்ணக் கற்றார். எண்ணியதில் வெள்ளிக்கிழமை போயிற்று. எதை இழக்க அதிகம் அஞ்சுகிறோம் என்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் விடை வந்துவிடும் என்று அஞ்சினார்.

மறு ஆய்வு நாளும் வெள்ளிக்கிழமையே. செய்தி பரவியதால் லாண்டரி நிறைந்திருந்தது. ஆனால் இழவு வீட்டுக்கு வந்தவர்களைப் போல எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஃபெல்ப்ஸ் முன்னால் அமர்ந்து பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்தார். அவர் காலடியில் மஞ்சள் பட்டைச் சுருள் ஒன்று இருந்தது. கதவுக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.

ஒடெசா மேடை என்று சொல்லத்தக்க அந்த மூலைக்கு வராமல், நேரே ஐந்தாம் எண்ணிடம் போனார். செருகியைப் பொருத்தினார். இரண்டு ஈரத் துண்டுகளை உள்ளே எறிந்து காசு போட்டார்.

“மிஸ் ஒடெசா, வேண்டாம்” என்று கிளியோட்டிஸ் கிசுகிசுத்தார்.

“துண்டு ஈரமா இருக்குடா. காய வைக்கறேன். இது லாண்டரி.”

தடக், தடக், தடக் என்று அது ஓடிவந்து மூச்சுவாங்கியது. ஒடெசா பாடினார். பாட்டு புதியது. கதவை அளந்துபோன ஒருவனைப் பற்றியது. அளக்க வந்தவன் கதவின் உயரத்தை எழுதிக்கொண்டான், அகலத்தை எழுதிக்கொண்டான், அந்தக் கதவு வழியே யார் வருவார் என்று மட்டும் கேட்கவில்லை என்று பாடிவிட்டு, அடுத்த வரியைத் தொடங்காமல் நின்றார்.

ஒன்பது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டு வந்தது. ஃபெல்ப்ஸின் விரல் இறங்கியது. கிளியோட்டிஸ் இடம் மாற வேண்டிய கணம் அதுவே. அவர் ஒடெசாவின் இடது தோளைப் பார்த்தார். அது இறங்கவில்லை. அவருக்குள் எது அதைச் செய்தது என்று அவரால் பின்னர் சொல்ல இயலவில்லை. இருப்புப்பாதையின் முன் பேருந்தை நிறுத்துவதுபோல் நின்றார். கதவைத் திறந்து வைத்துக் கேட்பதுபோல் கேட்டார். ஹோசியாவும் நின்றார். பின்வரிசையிலிருந்து வெர்லீனின் குரல் வந்தது.

“அவசரமில்ல கண்ணு. சொல்லு.”

ஒடெசா சொன்னார். தோள் இறங்கியது. மூவரும் ட்ரையரும் ஒன்றாக இடம் மாறினார்கள். கைகட்டி இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். தூக்கிய கால்கள் யாவும் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கின. பாட்டு முடிந்தபோதுதான் ஃபெல்ப்ஸ் எழுதிக்கொண்டிருப்பதைக் கிளியோட்டிஸ் பார்த்தார். பக்கத்தைத் திருப்பி, மறுபக்கத்திலும் எழுதினார். பட்டைச் சுருளை எடுத்துக்கொண்டு, விடைபெறாமல் போனார்.

தீர்ப்பு நாள் அதே மே மாதத்து ஒரு வியாழக்கிழமை. மூவரும் வாரியத்தின் நீண்ட மேசைக்கு எதிரே அமர்த்தப்பட்டனர். ப்ரூயிட்டின் முன்னே தீர்ப்பு தயாராக இருந்தது. ஓர் இடம் மட்டும் வெற்றாக விடப்பட்டிருந்தது.

“ஃபெல்ப்ஸ் ரொம்பச் சிரமப்பட்டு ஆய்வு பண்ணியிருக்கார்” என்றார் ப்ரூயிட். “நீங்க வாசிச்சதை எங்ககிட்ட இருக்கிற ஆசா மூடி ஒலிப்பதிவோட ஒப்பிட்டுப் பார்த்தோம். இத்தனை வருஷத்துல இப்பத்தான் அதை முழுசாப் போட்டுக் கேட்டோம். அவரும் பன்னெண்டுல முடிக்கலை. எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி. பலகையை மாத்தணும்.”

“அப்ப நாங்க அசல்தானே?” என்றார் ஹோசியா.

“அது மிஸ்டர் பார்ன்வெல் சொல்லப்போற பதில்ல இருக்கு.” ப்ரூயிட் கிளியோட்டிஸின் பக்கம் திரும்பினார். “அன்னிக்குப் பன்னெண்டாவது கட்டுல நீங்க மாறலை. அது எண்ணிக்கைத் தப்பா, தெரிஞ்சு செஞ்சதா? தப்புன்னா நீங்க போலி. போலி மேல வாரியத்துக்குக் கோபம் கிடையாது. வாசிக்கறதை நிறுத்திட்டு பஸ்ஸை ஓட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கலாம். தெரிஞ்சு செஞ்சதுன்னா நீங்க அசல். அசல்னா முதல் தீர்மானம் உங்களுக்குப் பொருந்தும்.”

“பொருந்தினா?”

“இந்த மாவட்டத்து அசல் ப்ளூஸ் எல்லாம் 1988-ல முடிஞ்சுபோச்சு. நீங்க அசல். அதனால நீங்களும் முடிஞ்சுபோனவங்க. உங்க பேர் காலமான கலைஞர்கள் பட்டியல்ல ஏறும். கல்லு வைப்போம். நல்ல கல்லு.” அவர் சற்றே முன்னால் சாய்ந்தார். “உங்க மேல எனக்கு மரியாதை உண்டு, அதனால சொல்றேன். உயிரோட இருக்கறதை வச்சு வாரியத்தால எதுவும் பண்ண முடியாது. அது அசையுது. இன்னிக்குப் பன்னெண்டு, நாளைக்குப் பதிமூணு. கண்ணாடிக்குள்ள வச்சா மூச்சு பட்டுக் கண்ணாடி மங்குது. செத்தது அப்படி இல்ல. செத்தது நம்மளை ஏமாத்தாது.”

கிளியோட்டிஸின் கைகள் தொப்பியோடு சேர்ந்து ஆடின. தப்பு என்ற ஒரு சொல் போதும். பேருந்து நிற்குமிடம், அதன் சாவி, காலையில் ஏறும் பிள்ளைகளின் வரிசை எல்லாம் அந்தச் சொல்லுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. அவர் வாயைத் திறந்தார், மூடினார். ஒடெசா அவரை அவசரப்படுத்தவில்லை. ஹோசியாவும் அவசரப்படுத்தவில்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை இருவரும் அதே இடத்தில் காத்திருந்தார்கள்.

“தப்பு இல்லீங்க சார்” என்றார் கிளியோட்டிஸ். “நான் காத்துக்கிட்டிருந்தேன். அவங்க இன்னும் சொல்லி முடிக்கலை.”

ப்ரூயிட் பெருமூச்சுவிட்டு, மூவர் பெயரையும் எழுதி வெற்றிடத்தை நிரப்பி, கடைசியாக எழுதியதை வாய்விட்டுப் படித்தார். “கிளியோட்டிஸ் பார்ன்வெல். மறைவு, 1988.”

“1988-ல எனக்குப் பதினாறு வயசுங்க சார்.”

“சின்ன வயசு” என்றார் ப்ரூயிட், தலையை அசைத்து. “ரொம்ப வருத்தமான விஷயம்.”

ஃபெல்ப்ஸ் மெல்லக் குறுக்கிட்டார். “சார், இவர் இறந்துட்டார்னா மூணு மணி பஸ்ஸை யார் ஓட்டறது?”

ப்ரூயிட் சிந்தித்தார். கல்வியாண்டு முடியுமுன் ஓட்டுநரை மாற்றும் விதி மாவட்டத்தில் இல்லை. “புதுசா ஆள் போடற வரைக்கும் காலமானவரே ஓட்டட்டும்” என்று முடிவு செய்தார். “ஆனா ஜாக்கிரதையா ஓட்டணும்.”

“எப்பவும் அப்படித்தான் சார்” என்றார் கிளியோட்டிஸ்.

ப்ரூயிட் கையொப்பமிட்டார். அப்போதுதான் ஒடெசா முதன்முறையாகப் பேசினார்.

“எங்களுக்கு எப்ப சார் அடக்கம்?”

“என்ன?”

“மூணு பேர் செத்திருக்கோம். ஒருத்தரும் இன்னும் மண்ணுக்குப் போகலை. எங்க ஊர்ல செத்தவங்களை அப்படியே விடற வழக்கம் கிடையாது. அடக்கம் முடிஞ்சா சொந்தபந்தம் எல்லாம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடணும், பாடணும், செத்தவங்களைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசணும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லாண்டரியில வச்சிருக்கேன். மீன் பொரிக்கச் சொல்லியாச்சு.”

“மிஸ் ட்ரிப், சான்று இல்லாம வாசிக்கறது...”

“இறுதிச் சடங்குக்கு விலக்கு உண்டுன்னு நீங்கதானே சார் இவன்கிட்டச் சொன்னீங்க?”

ப்ரூயிட் ஃபெல்ப்ஸைப் பார்த்தார். ஃபெல்ப்ஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நின்று, மெதுவாகத் தலையாட்டினார்.

“எத்தனை நாளைக்கு நடக்கும் உங்க இறுதிச் சடங்கு?” என்றார் ப்ரூயிட்.

“அது தெரியாது சார். இந்த வெள்ளிக்கிழமை என்னோடது. அடுத்தது ஹோசியாவோடது. இவன் சின்ன வயசுலயே போனவன், இவனுக்கு அழ ஜனம் நிறைய வரும். எல்லாரும் அழுது முடிக்கணும். யாரையும் பாதியில நிறுத்த முடியாது பாருங்க.” ஒடெசா கைப்பையை மூடினார். “மலர்வளையம் பெருசா வேண்டாம். இடம் சின்னது. நீங்க ஒரு சாவையும் விட்டதில்லன்னு கேள்விப்பட்டேன். துவைக்கற துணி இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க.”

வாரியத் தலைவர் தீர்ப்பை மறுபடி படித்துப் பார்த்தார். மானியம் காக்கப்பட்டுவிட்டது; தீர்மானம் நிலைத்துவிட்டது; விதியின் ஓர் எழுத்தும் மீறப்படவில்லை. மேலும், இறந்தோர் முன் எழுந்து நிற்பது அவருடைய பல்லாண்டுப் பழக்கம். அவர் எழுந்தார். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார். கையொப்பத்தின் ஈரம் இன்னும் உலராத தீர்ப்பை இரு கைகளாலும் ஏந்தினார்.

“ஆழ்ந்த அனுதாபங்கள், மிஸ்டர் பார்ன்வெல்” என்று கூறி, அதைக் கிளியோட்டிஸின் நடுங்காத கையில் கொடுத்தார்.